நிமிடத்துக்குப் பதினாறு

கப் மறுபடியும் நிரம்பியிருந்தது.

நேற்றுக் காலையில்தான் அக்கா அதைக் கழற்றி, பழைய டூத் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவி, பளபளவென்று திரும்ப மாட்டினாள். இருபத்து நாலு மணி நேரத்தில் விளிம்பு வரைக்கும் கறுத்த கழிவுநீர், அதன் மேல் தடித்த நுரை. மீன் தொட்டிக்குக் கீழிருந்த அலமாரிக் கதவைத் திறந்து குந்தியிருந்தவள் புறங்கையால் மூக்கைப் பொத்திக்கொண்டு, "அடப்பாவிகளா, ரெண்டே ரெண்டு பேர் இருந்துக்கிட்டு இவ்வளவா?" என்று மீன்களைக் கேட்டாள். மீன்கள் பாறை இடுக்கில் தூங்கிக்கொண்டிருந்தன.

அந்த வீட்டில் மீன்களுக்குப் பகல்தான் இரவு. தம்பி வரைபட அலுவலகத்திலிருந்து வீடு திரும்பவே ஏழு மணியாகும் என்பதால், தொட்டி விளக்குகள் மாலையில் எரிந்து விடிகாலையில் அணையும்படி வைத்திருந்தான். வேறு வெளிச்சம் படக்கூடாது என்று ஹால் திரைச்சீலைகளைப் பகல் முழுக்க இழுத்து மூடச் சொல்லுவான். வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். உள்ளே அரை இருட்டில் நாலரை அடி நீளத்துக்கு உப்புத் தண்ணீரும் பாறையும் பவளமும் முணுமுணுத்துக்கொண்டு கிடக்கும். ஒரு பக்கச் சுவரை அதுவே எடுத்துக்கொண்டதால் சோபா எதிர்ச் சுவரோடு ஒட்டிக்கொண்டது. குடியிருப்பது தொட்டி, வாடகைக்கு இருப்பது மனிதர்கள் என்று அக்கா வந்த அன்றே கிண்டலடித்தாள்.

அவள் வந்து ஏழு வாரம் ஆகிறது. தம்பிக்கு மஞ்சள் காமாலை என்றதும் மடிக்கணினியையும் ஹெட்ஃபோனையும் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். டாக்டர்கள் பேசிப் பதிவு செய்கிற நோயாளிக் குறிப்புகளைக் கேட்டுத் தட்டச்சு செய்வது அவள் தொழில். அதை எங்கே உட்கார்ந்தும் செய்யலாம். அம்மா அப்பா போன பிறகு அவளுக்கு மிச்சமிருப்பது இந்த ஒருத்தன். இவனைத் தேற்றி எழுப்பி நடக்க வைத்துவிட்டுத்தான் ஊர் திரும்புவது என்று மனதுக்குள் சத்தியமே செய்திருந்தாள்.

வந்த இரண்டாம் நாளே தம்பி படுத்த வாக்கில் தொட்டிப் பாடம் எடுத்தான். மேலே வழிகிற தண்ணீர் குழாய் வழியாக அலமாரிக்குள் இருக்கும் சின்னத் தொட்டிக்கு இறங்கும். அங்கே ஸ்கிம்மர் என்றொரு உருளை காற்றையும் தண்ணீரையும் கலக்கி நுரையாக்கி, நுரையோடு ஒட்டி வருகிற அழுக்கை உச்சியிலுள்ள கப்பில் தள்ளும். சுத்தமான தண்ணீரை இன்னொரு பம்ப் மேலே ஏற்றும். மேலே கண்ணாடியில் ஒட்டிய மூன்றாவது பம்ப் அலை அடிக்கும். "கப்பைப் பத்து நாளைக்கு ஒரு தடவை கழுவினா போதும்க்கா" என்றான்.

பத்து நாள் என்பது முதலில் ஆறு நாளாயிற்று, அப்புறம் மூன்று. இப்போது தினமும்.

அவன் உடம்பு அதற்கு நேர்மாறாகப் போயிற்று. அவள் வந்தபோது ஐம்பத்தெட்டு கிலோ இருந்தவன் ஐம்பதைத் தொட்டுவிட்டான். கண்ணில் மஞ்சள் போய்விட்டது, ரத்தப் பரிசோதனை எல்லாம் சரி, இனிமேல் எடை ஏறத்தான் வேண்டும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். மூன்று வேளையும் சூப்பும் முட்டையும் பழமுமாய் அவள் கொட்டிக்கொண்டிருக்க, இவன் எலும்பும் தோலுமாய் ஆகிக்கொண்டிருந்தான். அக்காவுக்குச் சந்தேகம் வராமல் என்ன செய்யும்?

"டேய், உண்மையைச் சொல்லு. நான் குடுக்கிறதை இந்தத் தொட்டியில கொட்டுறியா?"

"ஐயோ அக்கா, பவளமெல்லாம் செத்துடும்."

"நீ செத்தா பரவாயில்லையா?"

அவன் சிரித்தான். சிரிப்பில் பல்தான் பெரிதாகத் தெரிந்தது. அவள் அவனை நம்பவில்லை. கடைசி வாய் விழுங்குகிற வரைக்கும் எதிரே உட்கார்ந்து கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். தொட்டி மூடியின் நான்கு பக்கமும் யாருக்கும் தெரியாமல் மெல்லிய டேப் துண்டுகளை ஒட்டி வைத்தாள்; திறந்தால் கிழிந்துவிடும். காலையில் டேப் கிழியவில்லை. கப் நிரம்பியிருந்தது.

அன்றைக்கே துணி துவைக்க எடுத்தபோது அவன் தலையணை உறையை மூக்கருகே கொண்டுபோனாள். வியர்வையும் மருந்தும் கலந்த, உள்ளே ஏதோ புளித்துப்போன நோயாளி வாசனை. கழுவிய கையை முகர்ந்தாள். அந்தக் கையால்தான் சற்று முன் கப்பைக் கொட்டியிருந்தாள். இரண்டும் ஒரே வாசனை. உறையை மெஷினுக்குள் திணித்து மூடிவிட்டு, சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்து நின்றாள். தெருவில் யாரோ வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்க்க ஆறுதலாக இருந்தது.

மறுநாள் தம்பி தூங்கும் நேரம் பார்த்துப் பம்ப் கடைக்குப் போனாள். கடைக்காரர் பம்ப்களோடே பிறந்து வளர்ந்தவர் மாதிரி பேசுகிற மனிதர். காதோரம் பென்சில், கையெல்லாம் உப்புப் பூத்த வெடிப்பு.

"தொட்டி எத்தனை லிட்டர்னு கேக்கறவன் கத்துக்குட்டிம்மா. உள்ள எத்தனை உயிர்னு கேக்கணும். அதை வெச்சுத்தான் பம்ப், ஸ்கிம்மர் எல்லாமே. உங்க தம்பிக்கு எத்தனை?"

"ரெண்டு மீன். விரல் நீளம்."

"கப் எத்தனை நாள்ல ரொம்புது?"

"ஒரு நாள்ல."

அவர் பென்சிலை எடுத்தார். காகிதத்தில் ஏதோ போட்டார், அடித்தார், மறுபடி போட்டார். "காத்து வால்வு சரியா இருக்கா? தண்ணி மட்டம்? சோப்புக் கை வெச்சீங்களா?" எல்லாவற்றுக்கும் அவள் தலையாட்டியும் மறுத்தும் முடித்ததும், அவர் தலையைச் சொறிந்தார்.

"ஸ்கிம்மர் பொய் சொல்லாதும்மா. தண்ணியில இருக்கிறதைத்தான் எடுக்கும், இல்லாததை எடுக்காது. இந்தக் கணக்குக்கு ரெண்டு மீன் பத்தாது. உள்ள ஒரு ஆளே உக்காந்திருக்கணும்." சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

வீட்டுக்கு வந்து வேலையில் உட்கார்ந்தாள். தம்பி சோபாவில் தூங்கினான். ஹெட்ஃபோனில் ஒரு டாக்டர் மூக்கடைத்த குரலில் நோயாளி ஒருவரின் நிலவரத்தைச் சொல்லிக்கொண்டு போனார். நாடி எழுபத்திரண்டு. மூச்சு நிமிடத்துக்குப் பதினாறு. அடுத்த வார்த்தை புரியவில்லை. காலடி மிதியை அழுத்தி ஒலியை நிறுத்தினாள்.

நிறுத்திய பிறகும் காதில் ஏதோ ஓடியது. அலை பம்ப்தான். கண்ணாடிக்குள் மெதுவாக உறுமி ஒரு தள்ளு. தண்ணீர் இடது ஓரம் ஏறும். உறுமல் அடங்கும், தண்ணீர் வலது பக்கம் சரியும். ஏழு வாரமாகக் கேட்டுக் கேட்டுக் காதிலிருந்தே மறைந்துபோன சத்தம். திரையின் மூலையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தபடி, ஏனென்று தெரியாமலே எண்ணினாள்.

பதினாறு.

சரி, பதினாறு என்றால் பதினாறு. உலகத்தில் எத்தனையோ பதினாறுகள். ஆனாலும் கழுத்து தானாகச் சோபாப் பக்கம் திரும்பியது. போர்வைக்கு மேலே தம்பியின் நெஞ்சு. பம்ப் தள்ளியபோது ஏறியது. அடங்கியபோது இறங்கியது. ஒரு முறை. பத்து முறை. முழு நிமிடம்.

எழுந்து போய் அவன் தோளை உலுக்கினாள். "என்னக்கா?" என்று புரண்டான், புரளும்போது மூச்சு கலைந்தது, இரண்டு பெருமூச்சு விட்டான். அப்பாடா என்றிருந்தது அவளுக்கு. அவன் திரும்பக் கண்ணை மூடினான். மூச்சு கொஞ்சம் தடுமாறி, தேடி, போய்ச் சேர்ந்துகொண்டது.

தொட்டியின் பக்கத்தில் அலை பம்ப்பின் கட்டுப்பாட்டுப் பெட்டி தொங்கியது. அதில் ஒரு திருகு. அவள் அதை ஒரு மயிரிழை வலப்பக்கம் திருப்பினாள். பம்ப் வேகம் கூட்டியது.

மூன்று மூச்சு வரைக்கும் தம்பி பழையபடியே விட்டான். நாலாவது சேர்ந்துகொண்டது.

இருபது. இருபத்திரண்டு.

தற்செயல். தற்செயலாகத்தான் இருக்கும். இடப்பக்கம் திருப்பினாள். பன்னிரண்டு. இன்னும் கொஞ்சம். ஒன்பது. அவன் நெஞ்சு ஏறி நின்றது, நின்றபடியே இருந்தது, பிறகு மெதுவாக இறங்கியது. உதடு நிறம் மாறியது. அவள் விரலில் திருகு வழுக்கியது. பழைய கோட்டுக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"அதுல கை வைக்காதக்கா."

கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "உனக்குத் தெரியுமா? தெரிஞ்சுக்கிட்டே படுத்திருக்கியா?"

அவன் எழுந்து சாய்ந்துகொண்டான். பேசுகிறபோது மட்டும் மூச்சு அவன் இஷ்டத்துக்கு இருந்ததை அவள் கவனித்தாள்.

"காமாலை வந்த புதுசு. அலை பம்ப் அப்பத்தான் பெட்டியில வந்துச்சு. எந்த வேகத்துல வெச்சா தண்ணி சேர்ந்து ஆடும்னு திருகித் திருகிப் பாக்கணும். அளக்க வாட்ச் இல்ல, ஃபோன் உள்ள சார்ஜ்ல கிடந்துச்சு, எழுந்து போகத் தெம்பில்ல. என் மூச்சை வெச்சே அளந்தேன். நான் இழுக்கறப்ப அது தள்ளணும்னு வெச்சேன். உடனே மொத்தத் தண்ணியும் ஒண்ணா ஆடுச்சு. அவ்வளவு அழகாக்கா."

"அப்புறம்?"

"அப்ப நான் விட்டேன், அது கேட்டுச்சு. இப்ப அது விடுது, நான் கேக்குறேன். அவ்வளவுதான்."

அவன் குரலில் பயமே இல்லை. பேசுவது தன் தம்பிதானா என்றுகூட ஒரு கணம் சந்தேகம் வந்து, அவன் கையைப் பிடித்துப் பார்த்தாள். கை அவனுடையதுதான். ஈரமாக, ஜில்லென்று இருந்தது.

"எழுந்திரு. ஆஸ்பத்திரிக்குப் போவோம், இப்பவே."

"போன வாரம் போனோமே. அங்க எப்படி இருந்துச்சு தெரியுமா? மூச்சு விடணுங்கறதே மறந்து மறந்து போச்சு. ஒவ்வொண்ணையும் ஞாபகம் வெச்சு விட்டேன். டாக்டர் பேசறப்ப நான் எண்ணிக்கிட்டிருந்தேன். தூங்கியிருந்தா அவ்வளவுதான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "நீ பயப்படாதக்கா. நல்லாத்தான் இருக்கு" என்றான்.

அன்று முழுக்க அவள் யோசித்தாள். அழுதும் பார்த்தாள், அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தள்ளி நிறுத்தித் தள்ளி நிறுத்துகிற பம்ப் இருப்பதால்தானே இந்தப் பீடை? நிறுத்தாமல் ஒரே சீராக ஓடுகிற பம்ப் என்றால் அதற்கு மூச்சு மாதிரி ஆட வழியில்லை. அவன் பேசிக்கொண்டிருக்கும்போது பழையதை நிறுத்த வேண்டும். அப்போது மூச்சு அவன் கையில் இருக்கும். தானாகவே இழுத்து விட்டுப் பழகிவிடுவான். குழந்தைக்குப் பால் மறக்கடிக்கிறதில்லையா, அதுபோல.

மறுநாள் மதியம் இரண்டு மணிக்குக் கடைக்காரர் புதுப் பம்ப்போடு வந்தார். தம்பி சோபாவிலிருந்து பார்த்தான். அவர் கையை முழங்கை வரை தண்ணீருக்குள் விட்டு அதை வலது கண்ணாடியில் பதித்து ஓடவிட்டார். சீரான ஒரு ரீங்காரம்.

"அரை மணி நேரம் சூடாகுதான்னு பாருங்க. அப்புறம் பழசோட பிளக்கைப் பிடுங்கிடுங்க" என்றவர், ஈரக் கையை உதறிக்கொண்டே கண்ணாடியை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "இவ்வளவு அலை பழைய பம்ப் ஒண்ணால வராதே" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, காபி வேண்டாம் என்று சீக்கிரமே கிளம்பிவிட்டார்.

அரை மணி நேரம் ஆயிற்று. அக்கா தொட்டிப் பக்கமாகத் தரையில் உட்கார்ந்தாள். முதுகுக்குப் பின்னால் கையை நீட்டிப் பழைய பம்ப்பின் பிளக்கைத் தடவிப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன்டா, கீழேயிருந்து தண்ணி ஏத்துற பம்ப் மட்டும் ஏன் அவ்வளவு பெருசா வாங்கினே?"

அவன் முகம் மலர்ந்தது. ஏழு வாரத்தில் முதல் தடவையாக அவனுடைய பழைய முகம்.

"எல்லாரும் அதுலதான் ஏமாறுவாங்கக்கா. பெட்டியில பெருசா ஒரு நம்பர் போட்டிருப்பான். அது தரையில வெச்சு ஓட்டின கணக்கு. அஞ்சடி மேல ஏத்தணும், நடுவுல ரெண்டு வளைவு வேற, பாதி போயிடும். குழாய் சின்னதா போட்டா இன்னும் போயிடும். நான் மூணு மாசம் உக்காந்து கணக்குப் போட்டேன். அதனால எப்பவுமே தேவைக்கு மேல ஒரு மடங்கு"

பிடுங்கினாள்.

அவன் வாய் திறந்திருந்தது. அடுத்த வார்த்தைக்குக் காற்று வேண்டும். இழுத்தால் போதும். வார்த்தை மறந்துபோனவன் மாதிரி, சிறு குழப்பத்தோடு, அவளையே பார்த்தான்.

"இழு. டேய், மூச்சை இழு."

பார்த்துக்கொண்டே இருந்தான்.

"இழுடா! என் கண்ணுல்ல, ஒரே ஒரு தடவை!"

பிளக்கைத் திரும்பச் செருகினாள். பழைய பம்ப் உறுமியது. ஒன்றும் ஆகவில்லை. திருகைத் திருப்பினாள், இப்படியும் அப்படியும். ஒன்றும் ஆகவில்லை. அவன் மெதுவாகச் சோபாவில் சாய்ந்தான்.

ஃபோனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள். முகவரியைச் சொன்னாள். பதினைந்து நிமிஷம் என்றது ஒரு குரல். அது வரைக்கும் வாயோடு வாய் வைத்து ஊதச் சொன்னது. அவளுக்குத் தெரியும். எத்தனை முறை தட்டச்சு செய்திருக்கிறாள்.

அவனைத் தரையில் இறக்கும்போதுதான் பார்த்தாள். தண்ணீர் ஆடிக்கொண்டிருந்தது. இடது ஓரம் ஏற்றம், வலது பக்கம் சரிவு. பம்ப் ஒரு பக்கம் உறுமியது. தண்ணீர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. மொத்தப் பிளக்குகளும் செருகியிருந்த பட்டையைச் சுவரிலிருந்தே பிடுங்கி எறிந்தாள். புதுசும் நின்றது. பழசும் நின்றது. ஸ்கிம்மர், ஏற்றுகிற பம்ப், எல்லாம் நின்றன. வீடு இத்தனை அமைதியாக இருந்து அவள் கேட்டதில்லை.

தண்ணீர் ஆடியது.

அவள் திரும்பவில்லை. அவன் மூக்கைப் பிடித்தாள். வாயில் வாய் வைத்து ஊதினாள். அவன் நெஞ்சு ஏறவில்லை. தலையைச் சரியாகச் சாய்த்தாள். ஊதினாள். ஏறவில்லை. காற்று உள்ளே போகிறது. தெரிகிறது. எங்கே போகிறது?

இன்னொரு தடவை ஊதினாள். ஓரக்கண்ணில் தண்ணீர் ஏறியது.

நிறுத்தினாள். இறங்கியது.

ஊதினாள். ஏறியது.

"ஐயோ" என்றாள். அந்த "ஐயோ"வுக்கும் ஒரு சின்ன நெளிவு கண்ணாடியில் ஓடி அடங்கியது.

தம்பியின் கண்கள் திறந்தபடி இருந்தன. முகம் லேசாகிவிட்டிருந்தது. ஃபோனில் அந்தக் குரல், ஊதுறீங்களா, நிறுத்தாதீங்க, நிறுத்தாதீங்க என்றது. அவளால் அவனை விடவும் முடியவில்லை. ஊதவும் முடியவில்லை. மண்டியிட்டபடியே தலையை மட்டும் திருப்பினாள். அவள் மூச்சு வாங்கினாள், பயத்தில் வேகவேகமாக, சின்னச் சின்னதாக. தண்ணீரும் வேகவேகமாக, சின்னச் சின்னதாக.

அவள் மூச்சை அடக்கினாள்.

தண்ணீர் நின்றது. இடது ஓரம் ஏறின நிலையிலேயே. மேல்மட்டம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய்ந்து, சரியாமல், சொட்டாமல். இரண்டு மீன்களும் பாறையை விட்டு வெளியே வந்து, செவுள் அசையாமல், அவளைப் பார்த்துத் திரும்பியிருந்தன.

பத்து விநாடி. இருபது. காதுக்குள் ரத்தம் இடித்தது. நாற்பது. நெஞ்சு வெடித்துவிடும் போலிருந்தது.

சாய்ந்த தண்ணீர் சாய்ந்தபடியே, அவள் எப்போது விடுவாள் என்று காத்திருந்தது.